வாரிசு, மனைவி, அன்னை: மணியம்மையாரின் பொதுவாழ்வு

 

ஆலங்குளத்திலிருந்து சிவகாசி, விருதுநகர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர் அருப்புக்கோட்டையை அடைவர். அதனை அடுத்துச் சுக்கிலநத்தம் என்றொரு சிற்றூர் உண்டு. 1928-ஆம் ஆண்டு அவ்வூரில், புரோகிதரும் மந்திரமும் இன்றித் தந்தை பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. அதனையே முதல் சுயமரியாதைத் திருமணம் என இயக்க வரலாறு போற்றுகிறது. மூன்றாண்டுகள் கழித்து, 1931-இல், சுயமரியாதை மாகாண மாநாடு விருதுநகரில் கூடியது. மணமேடையில் பெண்ணின் குரலும் கேட்கவேண்டும் என்ற பேச்சு இந்தக் கரிசல் மண்ணுக்குப் புதியதன்று.

அந்த மணமேடைகளுக்கெல்லாம் தலைமை தாங்கிய பெரியாரே 1949 சூலை 9-ஆம் நாள் மணமகனாக நின்றார். அது பதிவுத் திருமணம். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மணமகள் மணியம்மையாருக்கு முப்பதுக்கும் குறைவு. தமிழக அரசியலில் ஒரு தலைவரின் மனைவி குறித்து அதற்கு முன்னரோ பின்னரோ இத்தனை பெரிய வாதம் எழுந்ததில்லை. அந்த வாதத்தில் பெரியாரின் பேச்சு பதிவாகியுள்ளது. அண்ணாவின் எழுத்து பதிவாகியுள்ளது. இராஜாஜியின் கடிதம் பின்னாளில் வெளிவந்தது. அம்மையாரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அம்மையாரிடம் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இதனை எடுத்துரைப்பதற்கு அதுவே காரணம். அவர்மேல் மூன்று சொற்கள் ஏற்றப்பட்டன: வாரிசு, மனைவி, அன்னை. மூன்றும் பிறர் சூட்டியவை.

அவருடைய பெயரும் ஒருவர் சூட்டியதே. வேலூரில் கனகசபை என்பவரின் மகளாகப் பிறந்தபோது அவர் காந்திமதி. தனித்தமிழ்ப் பற்றாளர் கு.மு. அண்ணல்தங்கோ அதனை அரசியல்மணி என மாற்றினார். அப்பெயர் சுருங்கி மணி ஆயிற்று. மரியாதை சேர்ந்து மணியம்மை ஆயிற்று. தந்தையார் இயக்கப் பற்றாளர். 1943-இல் அவர் மறைந்தபின் மணியம்மையார் பெரியாரிடம் தொண்டராக வந்து சேர்ந்தார். தலைவருக்கு வேளை தவறாமல் உணவும் மருந்தும் கொடுப்பது, கூட்டத்திடலின் ஓரத்தில் இயக்க நூல்களைப் பரப்பி வைத்து விற்பது, கணக்கு எழுதுவது ஆகியன அவர் பணிகள். மேடைக்கு வெளியே நடக்கும் பணிகள். எனவே எவர் கண்ணிலும் படாத பணிகள். 1948-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கும்பகோணத்தில் கைதாகிச் சிறையும் சென்றார். திருமணச் செய்தி வெளிவந்தபோது அவர் ஆறாண்டுத் தொண்டும் சிறை அனுபவமும் உடைய தொண்டர். ஆயினும் அன்றைய எழுத்துகளில் அவருடைய வயது பேசப்பட்ட அளவுக்கு அவருடைய தொண்டு பேசப்படவில்லை.

பெரியார் காட்டிய காரணம் சட்டம் சார்ந்தது. இயக்கத்தின் சொத்துகள் பெரும்பாலும் தம் பெயரில் உள்ளன, தமக்குப் பிள்ளையில்லை, தமக்குப்பின் அவை உறவினர் கைக்குப் போய்விடாமலிருக்க நம்பத்தக்க ஒருவர் சட்டப்படி வாரிசாக வேண்டும் என்பது அவர் வாதம். அந்நாளைய இந்து சட்டம் பெண்ணைத் தத்தெடுக்கப் பொதுவாக இடங்கொடுக்கவில்லை. பெண் மகளாக வாரிசாக முடியாத இடத்தில் மனைவியாக வாரிசாகலாம் என்றது சட்டம். சட்டத்தின் இந்தக் குறுகிய வாசல் வழியேதான் மணியம்மையார் 'மனைவி' என்னும் சொல்லுக்குள் நுழைந்தார். 1956-இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. அதுவும் பொதுவாகப் பதினைந்து வயது நிரம்பாதவர்க்கே பொருந்தும். ஆதலின் ஏழாண்டு பொறுத்திருந்தாலும் அவருக்கு அந்தக் கதவு திறந்திராது.

இன்னொரு வேடிக்கையும் இங்கே உண்டு. பெரியார் இருபதாண்டுகளாக நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத்தின் துணை அன்று இல்லை. வாரிசுரிமைக்காகச் செய்யும் திருமணம் வழக்குமன்றத்தில் நிற்கவேண்டுமாயின், சுக்கிலநத்தத்து முறை அதற்குப் பயன்படாது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அவ்வகைத் திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. பெரியார் பதிவாளரை நாடியதன் காரணம் விளங்கும்.

எதிர்த்தவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை எனக் கூறிவிடுதல் எளிது, அது முறையாகாது. பொருந்தா மணத்தை மேடைதோறும் கண்டித்த இயக்கம் அது. முதியவருக்கு இளம்பெண்ணை மணமுடிக்கும் வழக்கத்தை நாடகங்களில் எள்ளி நகையாடிய இளைஞர்கள் அதில் இருந்தார்கள். நாளை ஊரார் கேட்டால் என்ன விடை சொல்வது என அவர்கள் கலங்கியது பொய்க்கலக்கம் அன்று. கழகத்தின் நிருவாகக் குழுவைக் கலந்து கொள்ளாமல், கொள்கைப் பகைவராகிய இராஜாஜியைத் திருவண்ணாமலையில் சந்தித்துப் பேசிய பிறகு இம்முடிவு வந்தது என்பதும் அவர்களைச் சுட்டது. இராஜாஜியே இதற்குச் சூத்திரதாரி என நம்பினோர் பலர். அவர் இத்திருமணத்தைப் பரிந்துரைக்கவில்லை, வேண்டாம் என்றே அறிவுரை கூறினார் என்பது பின்னாளில் கடிதத்தால் தெரியவந்தது. அந்தரங்கமாக வந்த அக்கடிதத்தை வெளியிட்டுத் தம்மீதும் அவர்மீதும் இருந்த பழியைப் பெரியார் துடைத்துக் கொள்ளவில்லை.

ஆயினும் பிளவுக்குத் திருமணம் ஒன்றே காரணம் எனப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுமாறு நிலைத்துவிட்ட கதையைச் சற்றே திருத்திக் கொள்ளவேண்டும். 1947 ஆகஸ்டு 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா இன்ப நாள் என்றார். தேர்தலில் நிற்பதா, விலகி நிற்பதா என்ற வேற்றுமையும் புகைந்துகொண்டிருந்தது. பட்டாசுத் தொழில் நடக்கும் வட்டாரத்தினர்க்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை: மருந்து முன்னரே இடிக்கப்பட்டிருந்தது, திரியில் பட்ட பொறிதான் இத்திருமணம். அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், பெரியாரின் பிறந்த நாளில், சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. தலைவர் நாற்காலி பெரியாருக்கென வெற்றிடமாக விடப்பட்டது. பிரிந்தோரின் கண்ணீர் அறிக்கைகளைக் கண்ட பெரியார் அவர்களுக்குக் 'கண்ணீர்த்துளிகள்' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழப் பதினெட்டாண்டுகள் அப்பெயர் விடுதலை ஏட்டில் வாழ்ந்தது. கோபத்திலும் அந்த இயக்கத்தார் சொல்லழகை விட்டதில்லை போலும்! நாற்காலியும் கண்ணீரும் தமிழ் அரசியலின் உருவகங்கள் ஆகிவிட்டன. பழியைச் சுமந்தவருக்கு ஒரு நல்ல உருவகமும் கிட்டவில்லை.

கிட்டவேயில்லை என்பதும் பிழை. பாரதிதாசன் அவரைப் பற்றி எழுதினார். பெரியாரின் கழுத்தில் மாலைகள் மலையாகக் குவிகையில், பின்னால் நின்று தொண்டு செய்யும் அம்மையாருக்கு ஒரு பூவும் கிட்டாததைக் கண்டு எழுதிய உரைநடை அது. கொள்கை விளக்கம் எழுதப் பலர் இருந்தனர். மேடையின் பின்வரிசையைப் பார்த்தவர் ஒரு கவிஞரே.

பின்வரிசையில் நின்றவர் முன்னே வரவேண்டிய நாள்களும் வந்தன. 1957 நவம்பர் 26-இல் சாதியைக் காக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளை எரித்துக் கழகத் தோழர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தார்கள். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய இருவர் திருச்சிச் சிறையில் மாண்டனர். பெரியாரும் அப்போது சிறைப்பட்டிருந்தார். மணியம்மையார் அதிகாரிகளிடம் போராடி அவ்விருவர் உடல்களையும் மீட்டுத் திருச்சித் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டு சென்றார். தலைவர் சிறையில், தொண்டர் பிணமாக, நடுவே ஒரு பெண். 1949-இல் அவர் வயதைக் கணக்கிட்டோர் இந்தக் கணக்கையும் எழுதியிருக்கலாம்.

திருச்சியில் நாகம்மையார் பெயரால் அமைந்த குழந்தைகள் இல்லத்தை அவர் வளர்த்தார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் 1921-இலும், வைக்கத்தில் 1924-இலும் நின்ற முதல் மனைவி நாகம்மையார் 1933-இல் மறைந்தார். கணவரோடு போராட்டத்துக்குச் சென்றதால் நாகம்மையாருக்கு என்றும் புகழே வாய்த்தது. அதே போராட்ட வழியில் வந்து, பிறகு மனைவியானவருக்குப் பழி வாய்த்தது. நடந்த பாதை ஒன்றே, வரிசை மாறிற்று. இரண்டாமவர் முதல்வரின் பெயர் தாங்கிய இல்லத்தில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணினார். அங்கே அவரை அழைத்த 'அம்மா' என்னும் சொல், இயக்கம் பின்னர் சூட்டிய 'அன்னை'யைவிடப் பொருள் நிறைந்தது.

1967-இல் தேர்தலில் வென்ற அண்ணா, பதவியேற்குமுன் திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். கண்ணீர்த்துளிகள் என்ற சொல் அன்றோடு உலர்ந்தது. அவ்வாண்டே அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஒரு திருமணத்தை ஏற்காமல் பிரிந்து சென்றவர் கையால், சுக்கிலநத்தத்து மேடை நாற்பதாண்டுகள் கழித்துச் சட்டத் தகுதி பெற்றது. இதனைக் கற்பனையாக எழுதினால் மிகை என்பர்.

1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் பெரியார் ஆற்றியது இறுதிப் பேருரை. வலி தாங்காமல் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஐந்து நாள் கழித்து, 24-ஆம் நாள், வேலூர் மருத்துவமனையில் மறைந்தார். மணியம்மையார் கழகத்தின் தலைவரானார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐயுற்றவர்கள் எதிர்பார்த்தது என்னவோ, நடந்தது வேறு. சொத்து குடும்பச் சொத்தாகவில்லை. பொது அறநிறுவனத்திலேயே நின்றது. அவர் தமக்குரியதையும் அறப்பணிக்கே ஆக்கினார். வாரிசு என்ற சொல்லைத் தமிழக அரசியலில் இவ்வளவு நேராகப் பொருள்கொண்டவர் அரியர்.

ஓராண்டு கழித்து, 1974 டிசம்பர் 25-இல், சென்னைப் பெரியார் திடலில் அவர் தலைமையில் இராவண லீலா நடந்தது. தில்லியில் ஆண்டுதோறும் இராவணன் உருவத்தை எரிக்கும் இராமலீலாவுக்கு மறுமொழியாக இராமன், சீதை, இலக்குவன் உருவங்கள் எரிக்கப்பட்டன. வழக்கும் வந்தது. கம்பன் விழா எடுக்கும் ஊர்களில் இச்செய்தி இன்றும் கசப்போடுதான் கேட்கப்படும். இந்த அவையிலும் இருவேறு கருத்துகள் இருத்தல் கூடும். சீதையின் உருவமும் அத்தீயில் இடப்பட்டதை ஒரு பெண் தலைமையேற்று நடத்தியது பற்றிக் கவிஞர்கள் தமக்குள் வாதிடலாம். வாதம் எதுவாயினும், அது பெரியார் விட்டுச்சென்ற ஆணை ஒன்றின் நிறைவேற்றமன்று. அவர் மறைந்தபின் அம்மையார் தலைமையில் எடுக்கப்பட்ட முடிவு. பழியோ புகழோ, அது முழுவதும் அவருக்கே உரியது. அந்த வகையில் அவருடைய பொதுவாழ்வில் அது தனித்து நிற்கிறது.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், இயக்க முன்னணியினர் பலர் மிசாவில் சிறைப்பட்டனர். ஏட்டுக்குத் தணிக்கை. நலிந்த உடலோடு அவர் கழகத்தைக் கலையாமல் காத்தார். 1977-இல் சென்னைக்கு வந்த இந்திரா காந்திக்குக் கறுப்புக்கொடி காட்டக் கிளம்பிக் கைதானார். 1978 மார்ச் 16-ஆம் நாள் மறைந்தார். ஐம்பத்தெட்டு வயது.

ஒப்புநோக்க இன்னொரு பெயர் உண்டு. எம்.ஜி.ஆர். மறைந்ததும் ஒரு டிசம்பர் 24-தான், ஆண்டு 1987. அவர் துணைவியார் வி.என். ஜானகி 1988 சனவரி 7 முதல் 30 வரை, இருபத்து நான்கு நாள், முதலமைச்சராக இருந்தார். மனைவி என்ற ஒரே தகுதியைக் கட்சியின் ஒரு பிரிவினர் அவர் கையில் கொடுத்து அரியணையில் அமர்த்தினர். 1989 தேர்தலில் ஆண்டிப்பட்டியில் தோற்றபின் அவர் அமைதியாக விலகிக் கட்சி ஒன்றுபட வழிவிட்டார். அவர்மீதும் ஏளனம் வீசப்பட்டது. விலகியதில் இருந்த பெருந்தன்மை குறித்து எழுதியோர் மிகச் சிலரே. ஜானகியிடம் மனைவி என்பது மட்டுமே போதும் என்றார்கள். மணியம்மையாரிடம் மனைவி என்பதால் மற்றதெல்லாம் போயிற்று என்றார்கள்.

இவ்வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் விடியுமுன் புறப்படும் பெண்கள் ஏராளம். எந்த விண்ணப்பத்தாளிலும் அவர்கள் பெயரை அடுத்துத் 'த/பெ' அல்லது 'க/பெ' என்று ஒரு கட்டம் இருக்கும். தந்தையோ கணவரோ அதை நிரப்புவர். அவர்கள் கை செய்யும் வேலைக்கு அத்தாளில் பெரும்பாலும் கட்டம் இராது.

தஞ்சையை அடுத்த வல்லத்தில் 1988-இல் பெண்களுக்கென ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குப் பெரியார் மணியம்மை என்று பெயரிட்டனர். பின்னர் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அப்பெயரில் இருவருக்கும் இடையே உறவுமுறைச் சொல் எதுவும் இல்லை. சென்னைப் பெரியார் திடலில் பெரியாரின் நினைவிடத்தை அடுத்து அம்மையாரின் நினைவிடம் இருக்கிறது. இரண்டுக்கும் மாலை வருகிறது.