ஆசைக்கும் அறத்துக்கும் நடுவே பத்து வெள்ளி



வாழ்க்கையில் உயர வேண்டும் என்று துடிக்கிற மனிதன் ஒழுக்கத்தையும் கைவிடாமல் இருக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். ஆசையே துன்பத்துக்குக் காரணம், இருப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதே நல்லவனுக்கு அழகு என்பது ஒரு கட்சி. இந்தக் காலத்தில் நல்லவனாக இருந்தால் நாலு காசு பார்க்க முடியாது, முதலில் மேலே வா, தருமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு கட்சி. வீட்டுக் கூடத்தில் தாத்தா முதல் கட்சியாகவும் பேரன் இரண்டாவது கட்சியாகவும் இருப்பதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். இரு கட்சிக்காரர்களுமே உயர்வும் ஒழுக்கமும் எதிரெதிர் துருவங்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

வள்ளுவர் அப்படி முடிவு கட்டவில்லை. ‘ஒழுக்கமுடைமை’யை அறத்துப்பாலில் வைத்தார். ‘ஊக்கமுடைமை’யைப் பொருட்பாலில் வைத்தார். பால் வேறு வேறாக இருந்தாலும் நூல் ஒன்றுதான். அறத்துப்பாலை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறவரும் சரி, பொருட்பாலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவரும் சரி, பாதி நூலைத்தான் படித்திருக்கிறார்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது உபதேசமாகிவிடும். நம் மண்ணில் வாழ்ந்த ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம்.

1919-ஆம் ஆண்டு பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் திருஞானசம்பந்தன். தந்தையார் வீராசாமி 1896-ல் மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர்த் தோட்டத்துக்கே உரிமையாளர் ஆனவர். கோலகங்சாரில் கிளிஃபர்டு பள்ளியிலும், பிறகு தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மகன் படித்தார். சொத்து இருந்தது, படிப்பு இருந்தது. தோட்டக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாகக் காலம் கழித்திருக்கலாம். அவர் அரசியலுக்கு வந்தார். 1955-ல் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு அமைச்சரானார். 1957-ல் சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். வயது முப்பத்தெட்டு.

இப்படிப்பட்டவருக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். தலைமைக்கு வருகிற எவருக்கும் ஆசை உண்டு. பதினெட்டு ஆண்டுகள் ஒரு கட்சியின் தலைவராக நீடித்தவருக்கு நிச்சயமாக உண்டு. ஆகவே ஆசை உண்டா இல்லையா என்று ஆராய்வதில் பயனில்லை. அந்த ஆசை அவரை எங்கே நடத்திச் சென்றது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துத் தோட்டப்புற நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாடு சுதந்திரம் அடையும் வேளை நெருங்கியதும், வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஆய்வு நடத்த வேண்டிய அளவுக்கு அது பெரிய பிரச்சினையாக வளர்ந்தது.

துண்டு போடப்பட்ட தோட்டத்தில் மரம் மட்டும் கைமாறவில்லை. தோட்டம் என்றால் லயம், தண்ணீர்க் குழாய், மருந்தகம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாம் சேர்ந்ததுதான். பத்து ஏக்கர் வாங்கியவர் பள்ளிக்கூடம் நடத்துவாரா? பால் வெட்டுகிற குடும்பம் ஒரே நாளில் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலைக்கு வந்தார்கள்.

அமைச்சராக இருப்பவர் இதற்கு என்ன செய்வார்? அறிக்கை விடலாம். குழு அமைக்கலாம். சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தை யாரோ வாங்கித் துண்டாடுவதற்குப் பதிலாக அங்கே வேலை செய்கிறவர்களே வாங்கிக்கொண்டால் என்ன என்பதுதான் யோசனை. கேட்டவர்கள் சிரித்திருக்கக் கூடும். லயத்தில் குடியிருப்பவன் தோட்டத்துக்கு முதலாளியாவதா? அதைவிடப் பெரிய ஆசை அன்றைய மலாயாவில் ஒரு தமிழனுக்கு இருந்திருக்க முடியாது.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். அவருடைய துணைவியார் தோபுவான் உமாவும் போனார். தொழிலாளரிடம் கேட்ட முன்பணம் பத்து வெள்ளி. இன்று உணவுக் கடையில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே போதாத தொகை. அன்றோ பால் மரக் கூலிக்காரருக்குச் சில நாள் உழைப்பு. விடியுமுன் எழுந்து, காண்டா விளக்கைத் தலையில் கட்டி, கொசுக்கடியில் வெட்டிச் சேர்த்த கூலி. அந்தப் பத்துப் பத்து வெள்ளிகளைத் திரட்டித்தான் 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

பத்து வெள்ளி வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்கு ஆண்டுக்கணக்கில் கணக்கு வைத்திருப்பது வேறு வேலை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், துணியில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துக் கொடுக்கிறார். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் படித்துப் பார்க்க முடியாது. வாங்கியவரின் நேர்மை ஒன்றுதான் அவருக்குப் பிணை. ஒழுக்கம் என்றால் புகைக்காமல், குடிக்காமல் இருப்பது என்று மட்டும் நினைக்கிறோம். அதுவும் நல்லதுதான். ஆனால் பொது வாழ்க்கையில் ஒழுக்கம் என்பதில் பெரும்பகுதி, படிக்கத் தெரியாதவருக்கும் ஒழுங்காகக் கணக்கு எழுதுவதில்தான் அடங்கியிருக்கிறது.

சம்பந்தன் தந்தைவழி வந்த தோட்ட நிலத்திலேயே ஒரு பகுதியை விற்றுக் கட்சிக்கும் கஷ்டப்பட்டவர்களுக்கும் செலவிட்டார் என்பது வரலாற்றில் பதிவானது. அரசியலுக்கு வந்து தோட்டம் வாங்கியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அரசியலுக்கு வந்து சொந்தத் தோட்டத்தை விற்றவர் இவர்.

அதற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. பங்குக்காரர் ஆன பிறகும் தொழிலாளர் விடியற்காலையில் எழுந்து அதே மரத்தைத்தான் வெட்டினார். கட்சிக்குள்ளும் தலைமை மாற வேண்டும் என்ற குரல் பலத்து எழுந்தது. 1973-ல் டான்ஸ்ரீ மாணிக்கவாசகத்திடம் பதவியை விட்டுக்கொடுத்தார். இன்னும் முன்பே விலகியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பதவி ஆசை நல்லவர்களையும் கொஞ்சம் கூடுதல் நேரம் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. 1979-ல் அவர் காலமானார். சங்கம் அவரோடு முடிந்துவிடவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கதையையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயரைச் சொன்னாலே பலருக்கு வயிறு எரியும். எண்பதுகளில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோது, இந்தியர்களும் நாட்டின் பொருளாதாரத்தில் பங்கு பெற வேண்டும் என்ற பெரிய கனவு இருந்தது. அந்தக் கனவில் தவறே இல்லை. ஏறக்குறைய 66,000 பேரிடமிருந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கனவு பலிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2010-ல், பங்கு ஒன்றுக்கு 80 சென் என்ற விலையில் நிறுவனம் கைமாறியது. பங்கு வாங்கிய பலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கு 80 சென் என்றால் இருபது சென்தானே நட்டம் என்று கணக்குப் போடுகிறவர், அன்று ஒரு வெள்ளிக்கு என்ன வாங்க முடிந்தது என்பதை மறந்துவிடுகிறார்.

யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த உரையின் வேலை இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு நம்மவர்களிடம் ‘சேர்ந்து முதலீடு செய்வோம்’ என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். உண்மையான இழப்பு அதுதான். பணத்தை மறுபடியும் சம்பாதிக்கலாம். ஒரு சமுதாயத்துக்குச் சேர்ந்து ஆசைப்படும் துணிச்சலே போய்விட்டால் அதை எந்த வங்கியில் கடன் கேட்பது? விளைவு என்ன? ஊரோடு சேர்ந்து முதல் போடப் பயப்படுகிற அதே ஆள், ஆறு மாதத்தில் இரட்டிப்பு என்று முகம் தெரியாத ஒருவர் கைப்பேசியில் சொன்னதும் சேமநிதிப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்.

கூட்டுறவுச் சங்கத்துக்கும் பங்கு நிறுவனத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிறுவனத்தில் பங்குக்குத்தான் ஓட்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவரும் ஒரே ஒரு பங்கு வைத்திருக்கும் பாட்டியும் கூட்டத்தில் சமம். தலைவர் நல்லவரா என்று ஜாதகம் பார்க்க வேண்டிய அவசியத்தை இந்த ஏற்பாடு கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் பாட்டி கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கினால்தான் அந்தச் சமத்துவம் வேலை செய்யும்.

அடுத்த முறை தபால்காரர் ஏதேனும் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அழைப்பைக் கொண்டு வந்து போட்டால், உறையைப் பிரிக்காமல் பழைய பேப்பரோடு சேர்த்து வைக்காதீர்கள். உள்ளே வரவு செலவுக் கணக்கு இருக்கும். அது புரியாவிட்டால் கல்லூரியில் படிக்கிற மகனையோ மகளையோ கூப்பிட்டு, அருகில் உட்கார வைத்து, வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.