மேசை வேறு, பலகை வேறு: வகுப்பறைத் தொலைக்காட்சியை இரண்டாம் திரையாக்குவது
(செங்கல்பட்டு மாவட்ட ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இணைப்பது ஒரு நிமிட வேலை. எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறுமுனையை டிவியிலும் செருகுங்கள். டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிடும். நம்மில் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். நான் பேச வந்தது அதற்கு அடுத்த படியைப் பற்றி.

கேபிளைச் செருகியதும் பெரும்பாலும் மடிக்கணினியில் தெரிவது அப்படியே டிவியிலும் தெரியும். இதற்கு 'டூப்ளிகேட்' என்று பெயர். வசதியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் திறப்பது, தேடுவது, தவறாகச் சொடுக்குவது எல்லாவற்றையும் மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். பாடத்துக்கு நடுவே எமிஸ் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் விவரத்தில் சாதிப் பிரிவு இருக்கும், பெற்றோரின் தொழிலும் ஆண்டு வருமானமும் இருக்கும். அது 43 அங்குலத் திரையில் விரியும். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து வைத்திருந்தால், "அவங்க அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார் சார்" என்று ஒரு தாய் அனுப்பிய செய்தி மூலையில் எழும்பும். ஐந்து நொடிதான். பாடநூலை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட இதை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிடும்! அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் எப்படி வகுப்புக்கு வரும்?

மதிப்பெண் பதிவேட்டை நாம் கரும்பலகையில் மாட்டி வைப்பதில்லை. அது மேசையில் இருக்கும். மடிக்கணினி நம் மேசை. டிவி பலகை. இரண்டையும் பிரித்து வைக்கும் வழிதான் 'எக்ஸ்டெண்ட்'.

விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே 'பி' எழுத்தைத் தட்டுங்கள். நான்கு தெரிவுகள் வரும். மூன்றாவது எக்ஸ்டெண்ட். இப்போது டிவி தனித் திரை. அதில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும். "டிவி வேலை செய்யவில்லை" என்று பதறிக் கேபிளைப் பிடுங்க வேண்டாம். நீங்கள் இன்னும் அதில் எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். காட்ட வேண்டிய சன்னலைத் திறந்து, விண்டோஸ், ஷிப்ட் இரண்டையும் அழுத்தியபடி வலது அம்புக்குறியைத் தட்டினால் அது டிவிக்குப் போகும். மீண்டும் தட்டினால் திரும்பி வரும். மவுஸ் குறி காணாமல் போனால் அது டிவிக்குள் இருக்கிறது என்று பொருள். டிஸ்பிளே அமைப்பில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். டிவி உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் 2ஆம் கட்டத்தை இடப்பக்கம் இழுத்து வையுங்கள். மடிக்கணினியே முதன்மைத் திரையாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். எழும்பும் செய்திகள் முதன்மைத் திரையில்தான் வரும்.

இதில் பாடத்துக்கு என்ன லாபம்? மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். அருச்சுனன் தபசு என்பார்கள், கங்கை இறங்கும் காட்சி என்றும் சொல்வார்கள். செங்கல்பட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் கொண்ட அந்தப் பாறையின் முழுப் படத்தையும் டிவியில் போட்டால் பிள்ளைகளின் கண் யானையிடம் போய் நின்றுவிடும். முழுப் படத்தை உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு, தவம் செய்யும் பூனையை மட்டும் பெரிதாக்கி டிவிக்கு அனுப்புங்கள். "இது என்ன? ஏன் கையைத் தூக்கி நிற்கிறது?" என்று கேளுங்கள். யாராவது காலடியில் இருக்கும் எலிகளைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு மெல்ல விரித்து முனிவரைக் காட்டுங்கள். பூனை யாரைப் பார்த்து நடிக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். பவர்பாயின்ட்டிலும் இதே வசதி உண்டு. எக்ஸ்டெண்ட் நிலையில் காட்சியைத் தொடங்கினால் அடுத்த பக்கமும் உங்கள் குறிப்பும் மடிக்கணினியில் மட்டும் தெரியும். முதுகைக் காட்டித் திரையைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. 43 அங்குல டிவியின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். பவர்பாயின்ட்டின் வழக்கமான பக்க உயரம் 540 புள்ளி. ஆக, ஒரு புள்ளி டிவியில் சுமார் ஒரு மில்லிமீட்டர். 18 புள்ளியில் தட்டச்சு செய்தால் எழுத்து இரண்டு சென்டிமீட்டருக்கும் கீழே. ஆங்கில எழுத்துக்கு அது ஒருவாறு போதலாம். தமிழில் புள்ளி மறைந்துவிடும். கடைசி பெஞ்சில் 'கண்' என்பது 'கண' ஆகும். தொடக்க வகுப்புக்கு 40 புள்ளிக்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். வைத்த பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலி டிவியில் வராவிட்டால் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பழைய வி.ஜி.ஏ. கேபிள் படத்தை மட்டுமே கொண்டு போகும், ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் கோளாறு கணினியில் இல்லை. டிவியின் பட அளவு அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதைப் போடுங்கள். 2006இல் அரசு வீடுகளுக்குத் தரத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சி எங்காவது மூலையில் இருந்தால், அதில் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. மாற்றுப் பெட்டி வாங்கி அதோடு போராடுவது வீண் செலவு என்பேன்.

கோவளம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடற்கரைப் பள்ளிகளிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். படம் விட்டுவிட்டு வந்தால் கேபிளை மாற்றும் முன் முனைகளைப் பாருங்கள். மங்கியோ பச்சை படிந்தோ இருக்கலாம். கேபிளை டிவியிலேயே தொங்கவிடாமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், துளைகளைத் துணியால் மூடுங்கள். இடி மின்னல் நாளில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பாடம் முடிந்ததும் மறுபடி விண்டோஸும் 'பி'யும். முதல் தெரிவைப் போட்ட பிறகு கேபிளை எடுங்கள். எமிஸ் வேலையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

இங்கே இரண்டு மடிக்கணினிகளும் ஒரு டிவியும் இருக்கின்றன. முன்வரிசையில் இருப்பவர்கள் வாருங்கள். முதலில் டூப்ளிகேட்டில் போட்டுப் பார்ப்போம், பிறகு மாற்றுவோம்.