பிழை சொல்லும் சாட்சி: பேராக் அஞ்சல்தலைகளின் மேலச்சு வேறுபாடுகள்



மொழியியல் படித்தவன் அஞ்சல்தலைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்கில் இறங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். பொழுதுபோக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நான் சுவடிகளிலும் பழைய அச்சு நூல்களிலும் தேடிய ஒன்றே இந்தச் சிறு தாள்துண்டுகளிலும் கிடைக்கிறது. நான் தேடியது பிழை.

நம் மாநிலத்திலிருந்தே தொடங்குகிறேன். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் ஆலோசனை ஆட்சி அமைந்தது. தனி அஞ்சல்தலை அச்சிடும் அளவுக்குக் கடிதப் போக்குவரத்து அப்போது இல்லை. ஆகவே நீரிணைக் குடியேற்றங்களின் அஞ்சல்தலைகளையே எடுத்து, அவற்றின்மேல் ஓர் அடையாளத்தை அச்சிட்டுப் பயன்படுத்தினர். 1878-இல் வந்த முதல் தலையில், நீள்வட்டத்துக்குள் பிறையும் விண்மீனும் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வட்டம் மறைந்து, 'பேராக்' என்னும் பெயர் முழுமையாக ஐந்து ஆங்கில எழுத்துகளில் கறுப்பு மையில் பதிக்கப்பட்டது. புலி பாயும் படத்துடன் பேராக்கின் சொந்த அஞ்சல்தலை 1892-இல்தான் வந்தது. அதுவரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் மேலச்சுதான் ஆட்சி செய்தது. சிறு மதிப்புத் தலைகள் தீர்ந்துபோகும்போது வேறு மதிப்புத் தலையின்மேல் புதிய மதிப்பையும் சேர்த்து அச்சிட்டார்கள். 1883-இல் 4 சென்ட் தலையை 2 சென்ட் ஆக்கியது அப்படித்தான்.

அடிப்படைத் தலை இலண்டனில் டி லா ரூ நிறுவனத்தின் நேர்த்தியான அச்சில் வந்தது. அரசியாரின் முகத்தில் ஒரு கோடு பிசகியிராது. மேலச்சோ சிங்கப்பூர் அரசாங்க அச்சகத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்தது. அச்சுக்கோப்பவர் ஒரு தாளிலுள்ள தலைகளுக்கு ஏற்ப ஒரே பெயரை மீண்டும் மீண்டும் கோக்க வேண்டும். அத்தனை எழுத்துகளும் ஒரே அளவில் பெட்டியில் கிடைக்கமாட்டா. ஆகவே ஓரிடத்தில் எழுத்து அகன்றிருக்கும், ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும், சில இடங்களில் இடைவெளி கூடும். தாளைத் தலைகீழாக வைத்து அடித்ததால் பெயர் தலைகீழாக விழுந்தவையும் உண்டு.

இவற்றுள் இரண்டு பிழைகள் என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தவை. ஒன்றில் முதலெழுத்து 'பி'க்குப் பதில் 'எஃப்'. நம் மாநிலம் அங்கே 'ஃபெராக்' ஆகிவிட்டது. அதைவிடச் சுவையானது, சில தலைகளில் யாரோ பேனாவால் அந்த 'எஃப்'பை வளைத்துப் 'பி' ஆக்கியிருப்பது. தலைகளைக் கிழித்தெறிய மனமில்லை. அப்படியே விடவும் மனமில்லை. நம் ஏட்டெழுத்தாளர் பிழையைக் கீறித் திருத்தியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டாவது, 1 சென்ட் எனப் பெறுமதி மாற்றப்பட்ட ஒரு தலையில் இருக்கிறது. பெயரின் இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் இடம் மாறி, படித்தால் 'ப்ரியாக்' என்று ஒலிக்கும். மாணவர்களே, தசை என்பது சதை ஆவதையும், விசிறி என்பது சிவிறி ஆவதையும் வகுப்பில் படித்திருப்பீர்கள். வாய் செய்யும் எழுத்து நிலைமாற்றத்தை அங்கே கை செய்திருக்கிறது. ஆனால் முதற்பிழை அந்த வகையன்று. 'பி'யும் 'எஃப்'பும் ஒலியால் குழம்பவில்லை, வடிவால் நெருங்கியவை. அச்சடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியறைகளில் போட்டபோது தவறான அறையில் விழுந்த ஓர் எழுத்து, அடுத்த கோப்பில் கைக்கு வந்திருக்கலாம். ஒன்று கோப்பவரின் விரல் வரிசை தவறியதால் வந்த பிழை. மற்றொன்று கண் உருவத்தில் ஏமாந்ததால் வந்த பிழை. இரண்டையும் 'அச்சுப்பிழை' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால், அந்த மனிதர் எப்படி வேலை செய்தார் என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

இனி ஒரு பாகுபாடு. ஒரு தாளில் மட்டும் தூசி படிந்து மை விடுபட்டிருந்தால் அது தற்செயல். அதே குறை, அதே இடத்தில், தாள்தோறும் வந்தால் அது அச்சுருவிலேயே இருக்கிறது என்று பொருள். அதை நிலைத்த குறை எனலாம். குறையே அல்லாத வேறுபாடும் உண்டு. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்து. சூரிக் மாநிலம் 1843 மார்ச் 1-இல் கல்லச்சில் வெளியிட்ட 4 ராப்பன், 6 ராப்பன் தலைகளில் ஐந்து வகைகள் உள்ளன. 1850-இல் கூட்டாட்சி வெளியிட்ட ரேயோன் வரிசைத் தலைகளில் 5 ராப்பனுக்கும் 10 ராப்பனுக்கும் நாற்பது நாற்பது வகைகள்! கல்லில் ஏற்ற வேண்டிய உருக்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறாக அமைந்துவிட்டதே காரணம். ஒன்றில் அஞ்சற்கொம்பின் கயிறு சற்று வளைந்திருக்கும். மற்றொன்றில் பின்னணிக் கோடு ஒன்று முறிந்திருக்கும். அவ்வேறுபாடுகளைக் கொண்டு, தனித்தனியே கிடைத்த தலைகளை அடுக்கி, அழிந்துபோன முழுத்தாளையே அறிஞர்கள் மீட்டுக் காட்டியுள்ளனர்.

1854-இல் கல்கத்தாவில் நில அளவைத் துறை அச்சிட்ட 4 அணாத் தலையில் அரசியின் தலை கவிழ்ந்து விழுந்ததைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரு நிறங்களை இருமுறை அடித்தபோது தாள் திரும்பிவிட்டது. உலகப் புகழ் அதற்குத்தான். விலையும் அதற்குத்தான். என் மதிப்பில் அது கற்பிப்பது குறைவு. ரேயோனின் முறிந்த கோடு கற்பிப்பது மிகுதி.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? சுவடிக்குப் போவோம். ஓலையில் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாது. பெயர்த்தெழுதுபவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை இவை முன்கூட்டியே சொல்லிவிடும். உ.வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது 1887-இல். சிங்கப்பூரில் பேராக்கின் பெயரைக் கோத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டு. பல சுவடிகளை ஒப்பிடுபவர்க்கு அடிப்படையான ஒரு விதி உண்டு. இரு சுவடிகளில் சரியான பாடம் ஒத்திருந்தால் அதனால் எதுவும் நிறுவப்படாது. சரியானதை எவரும் எழுதலாம். இரண்டிலும் ஒரே விந்தையான பிழை ஒத்திருந்தால், அவை ஒரு தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்று ஐயுறலாம். உறவுக்குச் சாட்சி பிழைதான்.

அஞ்சல்தலையிலும் அப்படியே. பேராக்கின் அரிய மேலச்சுகளைப் போலியாகச் செய்து விற்பவர்கள் அந்நாள் தொட்டு இருந்திருக்கிறார்கள். மேலச்சில்லாத நீரிணைத் தலை மலிவு. ஐந்து எழுத்துகளை அதன்மேல் பதித்தால் விலை பன்மடங்கு. போலி செய்பவர் பெரும்பாலும் எழுத்தை அழகாகவே அமைக்கிறார். உண்மைக் கோப்பில் இருந்த சிதைந்த கால் முனையும், சற்றே தாழ்ந்த 'கே'யும், ஒவ்வாத இடைவெளியும் அவரிடம் இரா. அங்கேதான் அகப்படுகிறார்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அவருக்கு வந்தவை. சில ஊரிலிருந்து வந்தவை. சில இங்கேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போனவை. சப்பானியர் காலத்தில் பேராக் தலைகளின்மேல் 'டாய் நிப்பொன் 2602 மலாயா' என்று அடித்தார்கள். 2602 என்பது அவர்கள் கணக்கில் 1942. அத்தகைய தலை ஒட்டிய உறைகளும் இருந்தன. பாட்டியின் கேத்தலில் கொதித்த நீராவியில் எல்லாத் தலைகளையும் கழற்றி, குறிப்பேட்டில் ஒட்டினேன். உறைகளை அடுப்பில் போட்டேன். சுத்தமான, முழுமையான தலைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மை படிந்ததையும் எழுத்துக் கோணியதையும் 'கெட்டது' என்று எறிந்துவிட்டேன்.

எரிந்தது எது என்று பின்னர்தான் விளங்கிற்று. முத்திரையில் ஊரும் நாளும் இருந்தன. முகவரியை எழுதியவர் பள்ளிக்கு அதிகம் போகாதவர். 'சிம்பாங் பூலாய்' என்ற மலாய்ப்பெயரைத் தம் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். ஓர் உறை மட்டும் தலை கழன்ற நிலையில் தப்பியது. அதில் 'சிம்பான் புலை' என்றிருக்கிறது. மெல்லின ஙகர ஒற்று நம்மவர் நாவில் சொல்லிறுதியில் நில்லாது. தமிழில் சொல் அப்படி முடிவதில்லை. ஆகவே அது னகரமாயிற்று. 'ஆய்' ஈறு 'ஐ' ஆயிற்று. அந்த ஒற்றை உறையில் ஒலியியல் வகுப்பு ஒன்று நடத்தலாம். மற்ற உறைகளில் வேறெப்படியெல்லாம் எழுதப்பட்டிருந்தது என்பதை இனி யாரும் அறிய வழியில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் வீடுகளில் இத்தகைய கட்டுகள் இன்னும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது பாதி போயிற்று. மீதி பரண்களில் இருக்கிறது. தலையைக் கழற்ற வேண்டாம். உறையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். மாணவரின் கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கும் பிழைகளையும் ஒரு மாதத்துக்காவது ஒரு குறிப்பேட்டில் வகைப்படுத்திப் பாருங்கள்: காதால் வந்தது எது, கண்ணால் வந்தது எது, கை முந்தியதால் வந்தது எது என்று. ல, ழ, ள மூன்றையும் ஒரே மாணவர் ஒரே வகையில் குழப்பமாட்டார்.

மண்டபத்தின் பின்புற மேசையில் பேராக் தலைகள் ஆறும், பெரிதாக்கிய படங்கள் சிலவும், அந்த ஓர் உறையும் வைத்திருக்கிறேன். உருப்பெருக்கிகள் மூன்றுதான் உள்ளன. மாணவர்கள் முதலில் வாருங்கள். ஆறில் ஒன்று போலி. நானே ஏமாந்து வாங்கியது. எது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.