எண்ணெய்ப் பாறைக்குச் சோப்பு



நம் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் அசோக்நகர் இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் கிடைத்த கச்சா எண்ணெய் 2020-இல் ஹால்தியா சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது.

பூமிக்குள் எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிணறு தோண்டியதும் கொஞ்சம் தானே மேலே வரும். பிறகு தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ளுவார்கள். அப்படியும் பல இடங்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும்.

வடைச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகுமா? சோப்புப் போட வேண்டும். பாறைக்கும் அதே வைத்தியம்தான்! சோப்புப் போன்ற ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து செலுத்துகிறார்கள். பாறை எண்ணெயை விடுகிறது. ராஜஸ்தானில் மங்களா எண்ணெய் வயலில் இதைச் சோதித்தார்கள்.

நம் நாடு கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. ஆனால் இந்த ரசாயனமும் விலை கூடியது. கொஞ்சம் பாறையிலேயே ஒட்டி வீணாகும். எண்ணெய் நல்ல விலைக்குப் போனால்தான் செலவு கட்டுபடியாகும்.