ஏலத்தை ஏலம் விடுற ஊர்



'விளைச்சலைப் பெருக்குவது வியர்வையா, புதுமையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் வியர்வைக்காக வாதாடி, அவரே வேர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு)

முல்லைப் பெரியாறு அணையைச் சொன்னார். காய்ச்சலில் செத்தார்கள், வெள்ளத்தில் போனார்கள், 1895-ல் தண்ணீர் வந்தது என்றார். ஒத்துக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறவங்க நாங்க. ஆனா மேற்கே கடலுக்குப் போற ஆத்தை, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பலாம்னு ஒருத்தருக்கும் தோணலேன்னா, எத்தனை பேர் கல் சுமந்தா என்ன, தண்ணி தேனிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்குமா? (கைதட்டல்)

நான் போடிக்காரன். ஏலத்தை ஏலம் விடுற ஊர்! (சிரிப்பு) எங்க அம்மா விடியுமுன்னே தூக்குவாளியோட ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டிக் காயெடுக்கப் போனவங்க. செடியடியில குனிஞ்சு, சரத்தில் முத்தின காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கணும். அதே குனிவு, அதே எட்டு மணி நேரம். ஆனா ஒரு காலத்துக்கு அப்புறம் சாயங்காலம் எடை போட்டா, கூடை கனத்தது. அம்மாவுக்கு மூணாவது கை முளைக்கலீங்க. செடி மாறிடுச்சு!

மாத்தினவர் விஞ்ஞானி இல்லை. இடுக்கி மாவட்டம் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தோட்டத்தில் தேனீ வளர்த்து, மகரந்தம் நல்லாச் சேர வச்சு, அதில் தேறின செடியைப் பொறுக்கினார். விதை போட்டா தாய்க்குணம் மாறும் என்று, பக்கக் கன்றைப் பிரிச்சு நட்டார். அதுதான் ஞள்ளானி ரகம். பழைய செடியில் எக்டேருக்கு 200 கிலோ எடுத்த இடத்தில், நல்லாப் பராமரிச்சா 1,500 கிலோவைத் தாண்டியது. மருந்துச் செலவும் கூடுச்சு, அதை நான் மறைக்கலை.

காய் கூடினால் விற்கணுமே? போடியில் தொண்டை கிழியக் கேட்ட ஏலம், 2007-ல் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமாச்சு. குரல் பெருத்தவர் மிரட்டுற கதை முடிஞ்சது. இப்போ விரல் பேசுது.

எதிரணி அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. என்ன கேட்பாங்கன்னு தெரியும். 'விளைச்சல் ஏழு மடங்கு கூடுச்சே, உங்க அம்மா கூலி ஏழு மடங்கு கூடுச்சா?' கூடலை. கனத்த கூடைக்கும் பழைய கூலியேதான் கொடுத்தாங்க. நியாயமான கேள்வி தாயே, பதில் சொல்றேன்.

ஒருநாள் அம்மாவும் ஜீப்பில் வந்த பொம்பளைகளும் தராசு முன்னால உட்கார்ந்துட்டாங்க. 'நாள்கூலிக்கு இத்தனை கிலோ, அதுக்கு மேல எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு' என்றார்கள். கங்காணி முறைச்சார். இருட்டுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கலை. கடைசியில் முதலாளி நோட்டில் புதுசா ஒரு பத்தி கோடு போட்டார். செடியை மாத்தினது புதுமைன்னா, கூலிக் கணக்கை மாத்தின இதுவும் புதுமைதான் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

அந்த வாரம் தனிக்காசில் அம்மா எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு அளவு பெரிசு. "வளர்ற பிள்ளைதானே, போடு"ன்னாங்க.

மணி அடிச்சிட்டாங்க.