எஞ்சி நிற்பது



16 ஆண்டு வாய் திறவாமல் புளியமரத்தடியில் யோகத்தில் அமர்ந்திருந்த பெருமானை உலகுக்குத் தந்த இத்திருநகரியிலே, வாய் திறப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட என்னைத் தலைமைப் பீடத்தில் அமர்த்திய அன்பர்களின் துணிவை முதற்கண் வியக்கிறேன். ஒன்று முடிந்த பிறகும் தங்கியிருக்கும் ஒளியையும் உணர்வையும் சுட்டும் சொற்களே இக்கருத்தரங்கின் பொருள் என்று அழைப்பிதழில் கண்டபோது, இதற்கு இதனினும் தக்க ஊர் வாய்ப்பது அரிது என்று தோன்றியது. அயோத்தியில் இருந்த மதுரகவியார் தென்றிசையிலே ஒரு சோதியைக் கண்டு, அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு இரவுதோறும் நடந்து வந்தார் என்றும், இவ்வூராகிய திருக்குருகூரை அடைந்ததும் அச்சோதி மறைந்தது என்றும், அம்மறைவையே அடையாளமாகக் கொண்டு தாம் தேடிவந்த இடம் இதுவெனத் தெளிந்தார் என்றும் குருபரம்பரை கூறும். வழியைக் காட்டியது ஒளி. ஊரைக் காட்டியது அது மறைந்தமை.

அந்திக்குப் பிந்திய ஒளிக்கும், உண்ட பிறகு நாவில் தங்கும் சுவைக்கும் தமிழில் தனிச்சொல் இல்லையே என்று குறைப்பட்டு, 'பின்னொளி', 'பின்சுவை', 'பின்னுணர்வு' என்று வார்த்துத் தருவோர் நம்மிடையே உளர். அவர்களுடைய முயற்சியை யான் இகழவில்லை. கலைச்சொல் வேண்டுவார்க்கு அது வேண்டியதே. ஆயினும் 'பின்' என்று சொன்ன மாத்திரத்திலேயே முன்னது தீர்ந்துபோயிற்று என்று கைந்நாட்டு வைத்தாகிவிடுகிறது. நம் மக்கள் வழக்கோ அவ்வளவு எளிதில் கைந்நாட்டு வைப்பதில்லை என்பதே இன்று யான் விண்ணப்பிக்க விரும்பும் கருத்து.

சூரியனையே எடுத்துக்கொள்வோம். 'எல்' என்னும் சொல்லுக்கு ஒளி என்னும் பொருளைத் தொல்காப்பியர் இடையியலில் வகுத்தார்; அவ்வெல் படும் பொழுது எற்பாடு. பட்ட பிறகு வருவது இருள்தானே, அதற்கும் ஒளிக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரவுக்கும் 'எல்லி' என்று பெயர் வழங்கியது. நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராயிருந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவேற்றிய சென்னைச் சர்வகலாசாலை லெக்ஸிகனைப் புரட்டினால், அந்த ஒரு சொல்லின் கீழே பகலும் இரவும் ஒருங்கே குடியிருக்கக் காணலாம். செவ்வானத்துக்குச் 'செக்கர்' இருக்கிறது. அதுவும் கரைந்து எதிரே வருபவர் முகம் மங்கும் வேளைக்கு நம் பக்கத்து மக்களிடம் 'மைம்மல்' இருக்கிறது. இவற்றை விரிக்கப் புகின் பொழுது போதாது.

வீட்டு விளக்கு இன்னும் நெருங்கிய சாட்சி. என் ஆச்சி விளக்கை ஒருநாளும் வாயால் ஊதியதில்லை. நந்தியாவட்டைப் பூ ஒன்றை எடுத்துச் சுடரின் தலையில் மெல்ல ஒற்றுவாள், சுடர் போய்விடும், திரியின் நுனியில் மாத்திரம் கடுகளவு சிவப்பு நிற்கும். யான் எழுந்தால், "ஏல, பொறு, இன்னும் மலையேறல," என்பாள். அச்சிவப்பும் அடங்கின பிறகே எங்களை எழுந்திருக்க விடுவாள். விளக்கு அணைந்தது என்னும் அமங்கலத்தை வாயால் சொல்லலாகாது என்பது சம்பிரதாயம். அதனால் மலையேறிற்று என்கிறோம். சாமியாடியை விட்டுத் தெய்வம் நீங்கினால் அதுவும் மலையேறுகிறது. கழிந்த காலத்தையும், "அதெல்லாம் மலையேறிப் போச்சு," என்கிறோம். சொற்பிறப்பு ஆராய்ச்சியாக இதைக் கூறவில்லை. ஆயினும் இப்பள்ளத்தாக்கில் நின்று பார்ப்பவனுக்கு ஒன்று புலப்படும். ஞாயிறு சாய்வதும் மேற்கே பொதியமலைப் பக்கம்; தாமிரபரணி இறங்கி வருவதும் அம்மலையிலிருந்தே. போனது எங்கே போயிற்று என்று கேட்டால், தண்ணீர் வருகிற திசையைக் கைகாட்டுகிற ஜனங்கள் நாம்.

திருவிழாவுக்கும் இந்த மனப்பாங்கு பொருந்தும். வைகாசியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருடாரூடராய் இவ்வீதியில் எழுந்தருளி, அவரவர் திருப்பதிக்கு மீண்ட மறுநாட்காலையில் இத்தெருவில் நடந்தவர்கள் அறிவார்கள்: மிதிபட்ட துளசியின் மணம், கற்பூரம் கரித்த கல், பூவெல்லாம் உதிர்ந்தும் மணம் விடாத வாழைநார். இந்நிலைக்கு ஏங்கிப் பெருமூச்செறியும் சொல் ஒன்றைப் பிற நாட்டார் வைத்திருக்கலாம். நம் கோயில்களோ இதற்கு ஓர் உற்சவத்தையே வைத்தன. விடாயாற்றி என்பது அதன் பெயர். பேச்சு வழக்கில் விடையாற்றி. விடாய் என்றால் தாகம், இளைப்பு. கொடியிறங்கிய பிறகு பெருமானுடைய இளைப்பை ஆற்றுவதாகப் பெயர். ஆறுவது நம்முடைய விடாயும் அன்றோ!

இனி இலக்கணம். முடிந்த வினையை முற்று என்றும், முடிவுக்குக் காத்திருப்பதை எச்சம் என்றும் நாம் பள்ளியிலேயே படித்தோம். ஆனால் செய்யுளுறுப்பு 34-இல் ஒன்றாகவும் எச்சத்தைத் தொல்காப்பியர் வைத்தார் என்பதைப் பலர் கருதுவதில்லை. சொல்லி முடித்த செய்யுளிலே சொல்லாமல் நிற்பதும் ஓர் அங்கம் என்பது அதன் கருத்து. காச்மீரத்து ஆனந்தவர்த்தனர், மணியோசை ஓய்ந்தும் தொடரும் அனுரணனத்தைக் காட்டித் தொனியை விளக்கியதோடு இதை ஒப்புநோக்குவார்க்கு நல்ல விருந்து கிட்டும். பெற்ற மக்களும் எச்சம், விட்டுச்சென்ற புகழும் எச்சம். பறவை இடுவதும் எச்சமே. சிரிக்க வேண்டா. கோபுரத்து இடுக்கிலே ஆலங்கன்று முளைத்திருப்பது அந்த எச்சத்தால்தான்.

நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டு ஆற்றில் ஒரு கை நீர் அள்ளிக் குடித்துப் பாருங்கள். அந்தத் தித்திப்பு காயினுடையதா, நீரினுடையதா? 'பின்சுவை' என்று எழுதினால் நீர் கோபித்துக்கொள்ளும். ஒன்றின் ஈறு மற்றொன்றின் முதலாவதற்கு அந்தாதி என்று பெயர். 1102 பாசுரங்களையும் அவ்வாறு கோத்து, இறுதிப் பாசுரத்தின் கடைசிச் சொல்லை முதற்பாசுரத்தின் தொடக்கத்தோடு இணைத்து, முடிவே இல்லாத மாலையாகத் திருவாய்மொழியைச் சமைத்தவர் இவ்வூர்ப் பெருமான். கடைசிப் பாட்டை ஓதியவன் நிறுத்த நினைத்தாலும் நா முதற்பாட்டுக்குப் போய்விடுகிறது.

இளைஞர்களே, அகராதியோடு நில்லாமல், பூக்கட்டுவாரிடமும் மடைப்பள்ளியாரிடமும் மேளக்காரரிடமும் சென்று கேளுங்கள். நாயனக்காரர் 'கார்வை' என்று நிறுத்திக் காட்டும் அந்த நீட்சியை எந்த நிகண்டும் உங்களுக்கு ஊதிக் காட்டாது. ஆச்சியிடம் கேட்கத் தவறிய சொல் ஒன்று எனக்கும் உண்டு: சிவப்பும் அடங்கிய திரியிலிருந்து நூலிழைபோல் எழுந்து, கூடம் முழுவதும் சற்று நேரம் நிற்கும் அந்த எண்ணெய்ப் புகைக்கு அவள் என்ன பெயர் இட்டிருப்பாள்? இவ்வவையில் அறிந்தவர் இருப்பின், மாலை அமர்வுக்குள் எனக்குச் சொல்ல வேண்டுகிறேன். முதற் கட்டுரையை வாசிக்க உரியவரை அழைக்கிறேன்.