போதை நோயை அறிவோம். காலத்தில் உதவி தேடுவோம்

(வெள்ளி விழாவையொட்டி நம் பங்கில் நடைபெற்ற குடும்பங்கள் கூட்டத்தில், வீடு சந்திப்புக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வெள்ளி விழா என்பது செய்த நன்மைகளை எண்ணி மகிழும் காலம். செய்யத் தவறியவற்றை எண்ணிப் பார்ப்பதற்கும் அதுவே தக்க காலம். ஆகவே எங்கள் குழு செய்த ஒரு தவற்றைச் சொல்லியே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டிற்கு மாதந்தோறும் சென்று வந்தோம். தகப்பன் இல்லாத குடும்பம். மூத்த மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்து வந்தான். நாங்கள் போகும்போதெல்லாம் வேலைக்குப் போகாமல் படுத்திருப்பான். "தம்பிக்கு என்னம்மா?" என்று கேட்டால், "அல்சருங்க ஐயா, வயித்து வலி தாங்க முடியல" என்பார் தாய். நாங்களும் மருந்துக்கென்று பணம் கொடுத்தோம். பத்து மாதம் கொடுத்தோம். அந்த வீட்டில் பித்தளை அண்டா காணாமற்போனதைப் பார்த்தோம். தாயின் கழுத்தில் சங்கிலி இல்லாததைப் பார்த்தோம். காலை வேளையில் அவன் கை நடுங்குவதையும் பார்த்தோம். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வீட்டு மானம் என்று பேசாமல் இருந்துவிட்டோம். எங்கள் பணம் மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் போயிற்று.

ஒரு நாள் உறவினர்கள் கூடி அவனை அறையில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் வலிப்பு கண்டது. நல்லவேளையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். தாய் அழுதார். நாங்கள் தலை குனிந்தோம்.

வயிற்றுவலி என்று சொல்லி மறைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்துப் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் இக்னேஷியா என்ற அருட்சகோதரி. 1939-ஆம் ஆண்டு, டாக்டர் பாப் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு குடிநோயாளியைச் சேர்த்துக்கொண்டபோது, ஏட்டில் 'இரைப்பை அழற்சி' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. குடிநோயாளிக்குப் படுக்கை தர மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. அந்தச் சகோதரி வயிற்றுவலி என்று எழுதியது நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பதற்காக. நாம் வயிற்றுவலி என்று சொல்வதோ அவரை மருத்துவரிடமிருந்து ஒளிப்பதற்காக!

அன்பர்களே, இது ஒழுக்கக் குறைவு மட்டுமன்று, ஒரு நோய். இதைக் கண்டுகொள்ள உலக சுகாதார நிறுவனம் ஆறு அடையாளங்களை வகுத்தது. அடக்க முடியாத ஏக்கம். தொடங்கினால் நிறுத்த முடியாமை. நிறுத்தினால் உடல் படும் வேதனை. அதே போதைக்கு மேலும் மேலும் அளவு தேவைப்படுதல். வீடு, வேலை, விளையாட்டு எல்லாவற்றையும் விட்டு அதையே சுற்றி வருதல். கெடுதல் என்று கண்ணால் கண்டும் தொடர்தல். ஓராண்டிற்குள் இவற்றில் மூன்று சேர்ந்து தெரிந்தால் அது நோய்.

மதுவுக்கு வாடை உண்டு. மற்றவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். கஞ்சா புகைத்தால் கண் சிவக்கும், படிப்பில் நாட்டம் குறையும். வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்துவது இப்போது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பரவியுள்ளது. அவற்றில் டேபென்டடால் போன்றவை கண்மணியை ஊசிமுனைபோல் சுருக்கிவிடும். மருந்து கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடல்வலி, வயிற்றுப்போக்கு வரும். ஊசி போடுபவன் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவான். பசை, தின்னர் முகரும் சிறுவனின் துணியில் ரசாயன நெடி வீசும். இவற்றுள் ஒன்றைக் கண்டதும் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. வளரும் வயதின் கோபத்திற்கும் வேறு நோய்களுக்கும்கூடச் சில அடையாளங்கள் ஒத்திருக்கும். அமைதியான வேளையில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

சரி, உதவி தேட வேண்டிய நேரம் எது? "முற்றட்டும், பார்க்கலாம்" என்பார்கள் சிலர். "ஒரு கலியாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான்" என்பார்கள் வேறு சிலர். நாங்கள் பட்டறிந்து சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: அவனுக்காக நீங்கள் முதல் பொய்யைச் சொல்லும் நாளே உதவி தேட வேண்டிய நாள். கம்பெனிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று மனைவி சொல்லும் நாள். மகன் பட்ட கடனைத் தகப்பனுக்குத் தெரியாமல் தாய் அடைக்கும் நாள். அந்த நாளுக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை மூன்று. முதலாவது, நெடுநாள் குடித்தவரையோ தூக்க மாத்திரைக்கு அடிமையானவரையோ அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள். அம்மருந்தின் மேல் மது சேர்ந்தால் ஆபத்து. மூன்றாவது, அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் விடாதீர்கள். போதை மறுவாழ்வு மையங்கள் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாவிட்டால் அது தூக்கமன்று. உடனே 108-ஐ அழையுங்கள்.

உதவி தூரத்தில் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு எட்டும் தொலைவில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது; அங்குப் போதை மீட்புச் சிகிச்சையும் உண்டு. குடிநோயால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தோடு முடங்கிவிடாமல், 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அதன் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் உள்ளது. வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க, போதை மீட்புக்கென்றே 14446 என்ற இலவச எண்ணும், மனநலத்திற்கு 14416 என்ற எண்ணும் உள்ளன. குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. கூட்டங்களும், அவர்கள் குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்களும் உண்டு.

போலீஸுக்குப் பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இத்தனை இருந்தும் வருகிறவர்கள் எத்தனை பேர்? 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறுகிறது. மீதி 37 பேரும் யாரோ ஒருவரின் 'வயிற்றுவலி'க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்.

டப்ளின் நகரத்துத் தொழிலாளி மாத்யூ டால்பட் சிறுவனாக இருந்தபோதே குடிக்கத் தொடங்கியவர். 1884-இல், தம் 28-ஆம் வயதில், குருவானவர் முன் மதுவிலக்கு உறுதிமொழி எடுத்தார். முதலில் மூன்று மாதத்திற்கு மட்டுமே எடுத்தார். பிறகு அதை நீட்டித்தார். 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் வீதியில் விழுந்து இறக்கும்வரை குடிக்கவில்லை. 1975-இல் திருச்சபை அவரை 'வணக்கத்திற்குரியவர்' என அறிவித்தது. வாழ்நாள் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்காமல் மூன்று மாதம் கேட்ட அந்த ஞானம் நம் வீடுகளுக்கும் வேண்டும்.

நாங்கள் சொன்ன அந்தத் தம்பி சிகிச்சை முடிந்து வந்தபின் இருமுறை வழுக்கி விழுந்தான். இருமுறையும் தாய் அவனை மறைக்கவில்லை. கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனார். இன்று வேலைக்குப் போகிறான். நாளையைப் பற்றி அவனும் வாக்குக் கொடுப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. இப்போது அந்த வீட்டிற்குப் போனால் நாங்கள் மருந்துக்குப் பணம் கொடுப்பதில்லை. உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம்.

நம்மில் எந்த வீட்டிற்கேனும் இந்தத் துன்பம் இருந்தால், பங்குத்தந்தையிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்ல வேண்டாம், தனியே சொல்லுங்கள். மருத்துவமனை வரை கூட வருகிறோம். முன்போல் பார்த்தும் பாராமல் இருக்கமாட்டோம் என்பதே இந்த விழாவிற்கு எங்கள் குழு வைக்கும் காணிக்கை.